இருசம்மாள் சுற்றிய ஒன்பது காயில்

ஒன்பது வயதில் கரும்புக் கத்தி பட்டு, இனி மடங்காது என்று வைத்தியர் சொல்லிவிட்ட இடது ஆள்காட்டி விரலை மடக்கிக் காட்டினாள் இருசம்மாள். களமருதூரில் கட்டிக்கொடுத்த வீட்டில் இரண்டு வருடம் அடி வாங்கியபின், சீராகக் கொண்டுபோன அண்டா, குண்டான், குத்துவிளக்கு எல்லாவற்றையும் ஒரு கரண்டி குறையாமல் திருப்பி ஏற்றிக்கொண்டு வந்தாள். பொம்பளை கைபட்டால் மோட்டார் புகைந்துவிடும் என்று சொன்ன கடையில் கம்பி சுற்றும் ஸ்டூலைப் பிடித்தாள். புருஷன் பெயர் இல்லாமல் தன் பெயரில் ரேஷன் கார்டு வாங்கினாள். அதற்குப் பதினோரு நடை நடந்தாள். எல்லாவற்றுக்கும் மேலே, அரிசி மில் சின்னதுரை திருப்பிப் பிடுங்கப் பார்த்த குண்டு மெஷினைத் தன் வீட்டுக்குள்ளேயே நிறுத்திக்கொண்டாள்.

கச்சிராயபாளையத்தில் இருசம்மாளைத் தெரியாதவர்களுக்குக்கூட அந்த மெஷினைத் தெரியும். ஆனால் ஆளுக்கு ஒரு மாதிரி சொல்கிறார்கள். சின்னதுரை இரக்கப்பட்டு விட்டுக்கொடுத்தார் என்று சிலர் சொல்கிறார்கள். அவள் காலில் விழுந்து வாங்கினாள் என்று வேறு சிலர். இரண்டும் பொய். நடந்தது இதுதான்.

வீரமுத்துவுக்குப் பிள்ளைகள் இரண்டு. மூத்தவன் வெங்கடேசன், அவனுக்கு நாலு வயது இளையவள் இருசம்மாள். பெற்றவர்கள் கரும்பு வெட்டப் போகிறவர்கள். வெட்டுக் காலம் வந்தால் நாலைந்து மாதம் ஊர் ஊராகப் போய்விடுவார்கள். பையனை அத்தை வீட்டில் விட்டு எட்டாவது வரை படிக்கவைத்தார்கள். பெண்ணைத் தனியே விட முடியாது என்று கூடவே கூட்டிப்போனார்கள். அவள் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்தது மொத்தம் பதினேழு நாள். எண்களைக் கரும்புக் கட்டு எண்ணி எண்ணிக் கற்றுக்கொண்டாள். எழுத்து வரவே இல்லை. வெங்கடேசன் கொத்தனார் ஆனான். இருசம்மாள் களமருதூரிலிருந்து திரும்பி வந்த பிறகு, அணைக்குப் போகிற சாலையில் இருந்த கண்ணாயிரத்தின் மோட்டார் ரீவைண்டிங் கடையில் சேர்ந்தாள்.

சேர்ந்தது மோட்டாருக்குள் கருகிய செம்புக் கம்பிச் சுருளை, காயிலைப் பிரித்து எடுக்கத்தான். சுற்றுவதெல்லாம் ஆண்கள். பிரிக்கும்போது எத்தனை சுற்று என்று எண்ணிச் சொல்ல வேண்டும்; அத்தனை சுற்றுதான் புதிதாகவும் போடுவார்கள். அவள் எண்ணினால் நூறுக்கு ஒரு முடிச்சு என்று நூலில் போட்டுக்கொள்வாள். ஒரு நாள், முந்தின மாதம் அதே கடையில் நூற்றெண்பது என்று சுற்றிக்கொடுத்த காயில் கருகித் திரும்பி வந்தது. பிரித்துப் பார்த்து நூற்று எழுபத்துநாலுதான் இருக்கிறது என்றாள். சுற்றினவன் சண்டைக்கு வந்தான். கண்ணாயிரம் அடுத்த காயிலைத் தானே உட்கார்ந்து எண்ணினார். அதிலும் ஆறு குறைந்தது. மறுவாரமே ஸ்டூல் அவளுக்கு வந்தது. சுற்றுவட்டாரத்தில் கரும்புக்கும் நெல்லுக்கும் தண்ணீர் இறைக்கிற மோட்டார்களில் பாதி, பதினைந்து வருடமாக அவள் சுற்றியவை.

2023 மார்ச் மாதம் சின்னதுரை தன் பழைய மில்லை இடித்துக் கல்யாண மண்டபம் கட்ட ஆரம்பித்தார். இடிக்கிற வேலையில் வெங்கடேசனும் இருந்தான். மில்லில் கருகிக்கிடந்த மோட்டாரைத் தன் கிணற்றுக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று சின்னதுரை கடைக்குச் சொல்லி அனுப்ப, எடுத்துப்போக இருசம்மாள் வந்தாள். மோட்டார் குடோனில் இருந்தது. அதன் பக்கத்தில் கோணிச் சாக்கு மூடின ஒரு பெட்டி, நாலு இரும்புக் கால்களில் நின்றது. சாக்கை விலக்கினாள். மேலே கண்ணாடி. உள்ளே சரிவான பலகை, அதில் காளான் மாதிரி மூன்று குமிழ், ரப்பர் வளையங்கள், கீழே ஜோடியாக இரண்டு சின்னத் துடுப்பு. தலைமாட்டில் நிமிர்ந்து நின்ற கண்ணாடியில் பனியில் சறுக்குகிற மூன்று வெள்ளைக்காரப் பெண்கள். ஒருத்தியின் முகம் பெயிண்டோடு உதிர்ந்துபோயிருந்தது.

முப்பது வருடத்துக்கு முன்பு திருவிழாவுக்கு ராட்டினம் கொண்டுவந்த பொருட்காட்சிக்காரர்கள், மழை பிடித்துக்கொண்டதால் குடோனில் போட்டுவிட்டுப் போனது அது. துடுப்பால் இரும்புக் குண்டைத் தட்டி ஆடுகிற விளையாட்டு மெஷின். திரும்பி வரவே இல்லை. சின்னதுரையின் அப்பா காலத்தில் அதன்மேல் தவிட்டு மூட்டை அடுக்கினார்கள். இருசம்மாள் குனிந்து அடிப்பலகையைத் தட்டிப் பார்த்தாள். ஒரு ஓட்டை வழியே விரலை விட்டுத் தடவினாள். வெளியே வந்து, அந்தப் பெட்டியை என்ன செய்யப் போகிறீர்கள் என்று சின்னதுரையைக் கேட்டாள்.

“எலி வூடு அது. உனுக்கு எதுக்கு?”

“உள்ள காயில் இருக்குதுங்க. பாத்தா விட மனசு வர்ல.”

“தூக்கிக்கினு போ,” என்று சிரித்தார் சின்னதுரை. “எலிங்கள மட்டும் திருப்பிக் கொண்டாந்து வுட்டுடாத.”

அவர் சொன்னதை ஆறு பேர் கேட்டார்கள். வெங்கடேசன் சுவர்மேல் நின்றபடி கேட்டான். மோட்டாரையும் பெட்டியையும் ஒரே குட்டியானை வண்டியில் ஏற்றினார்கள். மில்லிலிருந்து ஒரு ஆணி வெளியே போனாலும் வாசலில் சீட்டு எழுதி, எடுத்துப்போகிறவர் ஒப்பம் வைக்க வேண்டும். வாசலில் இருந்த கணக்கர் வழக்கம்போல எழுதினார். இருசம்மாள் எடுத்துப்போவதெல்லாம் பழுது பார்க்கத்தானே என்று, இரண்டையும் ஒரே வரியில் எழுதிவிட்டார். இருசம்மாள் வழக்கம்போல மைப்பெட்டியில் கட்டைவிரலைத் தேய்த்து வைத்தாள். சுவரைவிட்டு இறங்கி வந்து அந்தச் சீட்டைப் படித்துப் பார்க்க வேண்டும் என்று எழுத்துத் தெரிந்த அண்ணனுக்குத் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும்.

அவளுடையது தொகுப்பு வீடு. முன்னறை பத்தடிக்கு எட்டடி. மெஷின் நாலேகால் அடி நீளம், இரண்டடிக்கு இரண்டங்குலம் குறைவான அகலம். அண்டா, குண்டான் அடுக்கியது போக அதையும் வைத்தபின் படுக்க இடம் இல்லாமல், மெஷினுக்கு அடியில் காலை நீட்டிப் படுத்தாள். எதிர்வீட்டுக் கலையரசி அந்த வார்டுக்கு மெம்பர், முப்பத்திரண்டு வயது, வாய் ஜாஸ்தி. வந்து எட்டிப் பார்த்துவிட்டு, “இன்னாக்கா, பொணப்பெட்டி மாரி இருக்குது, நடு வூட்டுல வெச்சிக்கினு இருக்குற?” என்றாள்.

“பொணமும் உள்ளதான் இருக்குது. எலிப் பொணம். வந்து தூக்கேன்.”

தெருவில் வேறு பேச்சும் கிளம்பியது. ஆண் துணை இல்லாத வீட்டில் ஆட்டம் ஆடுகிற மெஷின் எதற்கு என்றார்கள். கண்ணாடியில் முகம் உதிர்ந்த பெண் படம் மூளியாக நிற்கிறது, வீட்டுக்கு ஆகாது, அதையாவது சுரண்டிப்போடு என்று ஒரு கிழவி சொன்னாள். “என்னையும் ஊரு அப்பிடித்தான் சொல்லுது, ஆயா. ரெண்டு பேரும் ஒரே வூட்டுல இருந்துட்டுப் போறோம்,” என்று சொல்லிவிட்டு இருசம்மாள் உப்புத்தாளைக் கையில் எடுத்தாள். அந்தப் பெண்ணுக்கு இன்றுவரை முகம் வரையவில்லை.

வேலை கடை மூடினபின் மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் நடந்தது. முதலில் எலிக்கூடு, இரண்டு சாக்கு வந்தது. பிறகு வயர்கள். எலி கடித்த இடங்களை ஒவ்வொன்றாக வெட்டி ஒட்டினாள். பெரிய காயில் பதினாலு இருந்தன. டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்ததில் ஐந்து உயிரோடு இருந்தன, ஒன்பது கருகியிருந்தன. டிரான்ஸ்பார்மரும் போயிருந்தது. பின்பலகைத் தகட்டில் இருந்த எழுத்து அவளுக்குத் தெரியாது, எண் தெரியும்: 110. நம்மூர் கரண்டு இருநூற்று முப்பது. பொருட்காட்சிக்காரன் நேராகச் சொருகிவிட்டான் என்று புரிந்துகொண்டாள். மழை வந்ததால் விட்டுப்போகவில்லை, கொளுத்திவிட்டுத்தான் போயிருக்கிறான். டிரான்ஸ்பார்மரை இருநூற்று முப்பதுக்குத் தகுந்தபடி புதிதாகச் சுற்றினாள்.

துடுப்பை உதைக்கிற காயிலைப் பிரித்தபோது முதலில் திகைத்தாள். ஒரே உருளையில் இரண்டு கம்பி. தடிக் கம்பி கொஞ்சம், மெல்லிய கம்பி நிறைய. யாரைக் கேட்பது? கள்ளக்குறிச்சியில் டிவி ரிப்பேர் கடைக்காரர்களுக்கும் தெரியவில்லை. இரண்டு நாள் அதை மடியில் வைத்துக்கொண்டே இருந்தாள். மூன்றாம் நாள் கடையில் ஒரு சிங்கிள் பேஸ் மோட்டாரைப் பிரிக்கும்போது பிடிபட்டது. கிளம்புவதற்கு ஒரு சுற்று, ஓடுவதற்கு ஒரு சுற்று, மோட்டாருக்கும் அப்படித்தானே? தடிக் கம்பி துடுப்பை உதைத்துத் தூக்கும். தூக்கியதும் ஒரு சின்ன ஸ்விட்ச் விலகி மெல்லிய கம்பிக்கு மாற்றிவிடும். அது சூடாகாமல் பிடித்துக்கொண்டு நிற்கும். எந்த ஊரிலோ எந்தக் காலத்திலோ அதைச் செய்தவனும் தன்னைப்போல ஒரு காயில் சுற்றுகிறவன்தான் என்று அண்ணனிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டாள்.

ரப்பர் வளையங்களுக்குச் சைக்கிள் டியூபை வெட்டினாள். குண்டுக்குக் கல்குவாரி கிரஷர் பேரிங்கை உடைத்து எடுத்தாள். ஐந்தாவது பேரிங்கில்தான் அளவு சரியாக வந்தது. கடை வழக்கப்படி கருகிய காயில், பொடிந்த ரப்பர், கடிபட்ட வயர் எல்லாவற்றையும் ஒரு உரச் சாக்கில் போட்டு வைத்தாள். எதை எடுத்தோம் என்று மோட்டார் கொடுத்த பார்ட்டிக்குக் காட்ட வேண்டுமே. இங்கே பார்ட்டியும் அவள்தான் என்றாலும் கை வழக்கத்தை விடவில்லை.

2024 ஜூலையில் கரண்டு கொடுத்தாள். விளக்கு எரிந்தது, மணி அடித்தது, குமிழ்கள் உதைத்தன. ஆனால் குண்டு போன இடத்திலேயே நின்றுவிட்டது. மேலே ஏறும், ஒரு குமிழில் பட்டு ஓடும், நடுப்பலகையில் சோம்பேறி மாடு மாதிரி நிற்கும். கீழே துடுப்புக்கு வரவே வராது. காயில் பலவீனம் என்று நினைத்து இடது துடுப்புக் காயிலை மூன்று தடவை பிரித்துச் சுற்றினாள். ஒரு மாதம் வீணாகப் போனது.

தப்பு காயிலில் இல்லை. மோட்டாரை உட்காரவைக்கும்போது அடித்தளம் மட்டமாக இருக்க வேண்டும். ஒரு நூல் சாய்ந்தாலும் பேரிங் தின்றுவிடும். அந்தப் பழக்கத்தில் மெஷினையும் மட்டமாக நிறுத்த வேண்டும் என்று அவள் முடிவு செய்திருந்தாள். உள்ளே இருந்த பலகை ஏற்கெனவே சாய்ந்திருந்ததால், அந்தப் பலகையின் மேலேயே ரசமட்டத்தை வைக்கச் சொன்னாள். வெங்கடேசன் துடுப்பு இருக்கிற பக்கத்துக் கால்களுக்கு அடியில் கடப்பாக் கல் துண்டுகளைச் சொருகி, ரசத்தின் குமிழி நட்டநடுவில் நிற்கும்வரை ஒன்றரை மணி நேரம் பாடுபட்டான். அவனுடைய இருபது வருடத் தொழிலில் அவ்வளவு சுத்தமாக மட்டம் வைத்தது கிடையாது. வீட்டுத் தரையைவிட மட்டமாக நின்றது மெஷின்.

ஆகஸ்ட் கடைசியில் வெங்கடேசன் கோமுகி அணைப் பக்கம் ஒரு மாட்டுக் கொட்டகைக்குத் தளம் போட்டுக்கொண்டிருந்தான். அவனுக்குச் சாப்பாடு கொண்டுவந்த இருசம்மாள், வாளித் தண்ணீர் கவிழ்ந்து தளத்தின்மேல் ஓடி வாய்க்காலில் விழுவதைப் பார்த்தபடியே நின்றாள்.

“ண்ணா, இதுக்கு மட்டம் வெக்கலையா?”

“மாட்டுக் கொட்டாய்க்கு எவனாவது மட்டம் வெப்பானா? மூத்திரம் நிக்கும். அடிக்கு ஒரு விரக்கட வாட்டம் குடுக்கணும்.”

சொல்லி முடித்ததும் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அவள் சாப்பாட்டுத் தூக்கைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். அவனால் சிரிக்க முடியவில்லை, வெட்கமாக இருந்தது. அன்று மாலையே கடப்பாக் கல்லை எல்லாம் உருவிப்போட்டு, மாட்டுக் கொட்டகைக் கணக்குப்படி அடிக்கு ஒரு விரற்கடை சாய்த்து வாட்டம் வைத்தான். குண்டு ஏறியது, மூன்று குமிழிலும் அடிபட்டது, சரசரவென்று இறங்கி இடது துடுப்புக்கு வந்தது. இருசம்மாள் பொத்தானை அழுத்தினாள். துடுப்பு உதைத்த உதையில் குண்டு கண்ணாடியில் மோதித் திரும்பியது.

அதற்குப்பின் மதியங்களில் வீடு நிறைந்தது. நூறு நாள் வேலை முடித்து வருகிற பெண்கள் மண்வெட்டியை வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார்கள். காசு கிடையாது, கால் கழுவிக்கொண்டு வர வேண்டும், அவ்வளவுதான். கலையரசி இடுப்பால் மெஷினை இடித்து ஆடுவாள். உள்ளே கொத்தனாரின் தூக்குக்குண்டு மாதிரி ஒன்று வளையத்துக்குள் தொங்குகிறது. ஜாஸ்தி இடித்தால் அது வளையத்தில் பட்டு மெஷின் அந்த ஆட்டத்துக்குச் செத்துவிடும். “மெம்பருக்குக்கூட பயப்படல பாரு இது,” என்பாள் இருசம்மாள். ஒரு பெண்ணின் மகன் போனில் படம் பிடித்துப் போட்டான். அது எங்கெங்கோ போயிற்று.

2025 ஆகஸ்ட் நடுவில் சின்னதுரை வந்தார். உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். நன்றாகச் செய்திருக்கிறாய் என்றார். சென்னையில் ஒருவர் பழைய மெஷின்களைச் சேர்க்கிறாராம், நல்ல விலை பேசியிருக்கிறாராம், ஒண்ணாந்தேதி வந்து எடுத்துப்போவோம் என்று, மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற மாதிரிச் சொன்னார். நீங்கள்தானே தூக்கிப்போகச் சொன்னீர்கள் என்றாள் இருசம்மாள். அவர் சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினார். கலையரசி வாங்கிப் படித்தாள். “மோட்டார் ஒன்று, பழைய மெஷின் ஒன்று. பழுது பார்க்க.” கீழே நீல மையில் கட்டைவிரல்.

“உன் ரேகதான?” என்றார் சின்னதுரை.

“ரேக என்னுது,” என்றாள் இருசம்மாள். “எழுத்து யாருதுங்க?”

அவர் சீட்டைத் திரும்ப மடித்து வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்தப் பதினைந்து நாளும் எல்லாரும் அவளுக்குப் புத்தி சொன்னார்கள். அன்று மில்லில் கேட்ட ஆறு பேரில் நாலு பேர் சின்னதுரையின் மண்டபத்தில் வேலை செய்தார்கள். தங்களுக்குச் சரியாக நினைவில்லை என்றார்கள். கண்ணாயிரம், சின்னதுரையின் மோட்டார்கள் பன்னிரண்டும் நம் கடைக்குத்தான் வருகின்றன என்று கையைப் பிசைந்தார். வெங்கடேசனும் சொன்னான். எழுத்தில் இருப்பதை வாயால் வெல்ல முடியாது, கொடுத்துவிடலாம், வேறு ஏதாவது மெஷின் கிடைக்காமலா போகும் என்றான். அப்படிச் சொன்னதை அவன் மறைக்க முடியாது.

“உனுக்கு எழுத்து தெரியும். அதனால அதுக்கு பயப்படற,” என்றாள் தங்கை. “எனுக்குத் தெரியாது. நான் எதுக்கு பயப்படணும்?”

செப்டம்பர் ஒன்று, திங்கட்கிழமை, காலை பதினோரு மணிக்குச் சின்னதுரையும் சென்னைக்காரரும் வந்தார்கள். பின்னால் குட்டியானை, நாலு ஆள். தெருவே கூடிவிட்டது. சென்னைக்காரர் கண்ணாடி போட்ட மெலிந்த மனிதர், மரியாதையாகத்தான் பேசினார். ஒரு ஆட்டம் ஆடிப் பார்க்கலாமா என்று கேட்டார். இருசம்மாள் ஆடவிட்டாள். அவர் துடுப்பை அழுத்திப் பார்த்துவிட்டு, இவ்வளவு சுத்தமாக உதைக்கிற மெஷினைத் தான் பார்த்ததில்லை என்றார். ஆள்களைக் கூப்பிட்டார் சின்னதுரை.

இருசம்மாள் வாசலில் நின்றாள். சீட்டை எல்லார் முன்னாலும் இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் கலையரசியைக் கேட்டாள். கலையரசி சத்தமாகப் படித்தாள்.

“பழைய மெஷின் ஒண்ணுன்னுதான எழுதியிருக்குது?” என்றாள் இருசம்மாள். “சரிங்க. பழசத் தர்றேன்.”

உள்ளே போய் உரச் சாக்கை இழுத்து வந்து சின்னதுரையின் காலடியில் கொட்டினாள். கருகிய காயில் ஒன்பது, வெந்த டிரான்ஸ்பார்மர் கம்பி, கடிபட்ட வயர், பொடிந்த ரப்பர். எது எங்கிருந்து வந்தது என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னாள். பழசு இது, இதைத் திரும்ப உள்ளே வைத்துத் தருகிறேன். தான் சுற்றினதைத் தான் எடுத்துக்கொள்கிறேன். பார்ட்டிக்கும் கடைக்கும் ஒத்துவராவிட்டால் வந்தபடியே திருப்பிக் கொடுப்பதுதானே இந்த ஊரில் வழக்கம் என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டாள். கூட்டத்தில் மோட்டார் வைத்திருக்கிற விவசாயிகள் இருந்தார்கள். அப்படித்தான் என்றார் ஒருவர். கண்ணாயிரம் தலையைக் குனிந்துகொண்டே, வழக்கம் அதுதான் என்றார்.

“மெரட்றியா? சுத்தின கையாலயே அறுப்பியா நீ?” என்றார் சின்னதுரை.

அவள் மெஷினின் பலகையைத் தூக்கி நிறுத்தினாள். கட்டிங் பிளேயரை எடுத்தாள். இடது துடுப்புக் காயில், மூன்று தடவை சுற்றியது. வெங்கடேசன் வேண்டாம் என்று கையைத் தூக்கினான். அவள் அவனைப் பார்க்கவில்லை. கம்பியின் இரண்டு முனையையும் வெட்டி, காயிலை உருவி, பிளேடால் ஒரு பக்கம் முழுக்க அறுத்தாள். செம்பு பளபளவென்று வாய் பிளந்தது. அதைத் தன் இடுப்பில் சொருகிக்கொண்டு, கொட்டின குவியலிலிருந்து ஒரு கருகிய காயிலைப் பொறுக்கி அந்த இடத்தில் மாட்டினாள். பலகையை இறக்கிச் சென்னைக்காரரைப் பார்த்து, அழுத்திப் பாருங்கள் என்றாள். அவர் அழுத்தினார். இடது துடுப்பு அசையவில்லை.

“இன்னும் எட்டு இருக்குது,” என்றாள். “உக்காருங்க, நேரம் ஆவும்.”

சென்னைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். செத்த மெஷின் தன்னிடமே ஏழு கிடக்கிறது, ஓடுகிற மெஷினுக்குத்தான் வந்தேன் என்று சின்னதுரையிடம் சொன்னார். பிறகு இருசம்மாளிடம் திரும்பி, மன்னிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுக் காரில் போய் உட்கார்ந்தார்.

சின்னதுரைக்கு முகம் கறுத்துப்போயிற்று. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். நீயே வைத்துக்கொண்டு அழு என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். இருசம்மாள் வழியை விடவில்லை.

“வாயால சொன்னத ஒரு தபா கேட்டு ஏமாந்துட்டேங்க. எழுதிக் குடுங்க.”

கலையரசி தன் வீட்டிலிருந்து பேப்பரும் மைப்பெட்டியும் மேசையும் கொண்டுவந்து போட்டாள். கச்சிராயபாளையம் வீரமுத்து மகள் இருசம்மாளுக்கு இந்தப் பழைய விளையாட்டு மெஷினைச் சொந்தமாகக் கொடுத்துவிட்டேன், இனி எனக்கோ என் வாரிசுக்கோ பாத்தியம் இல்லை என்று எழுதினாள். சின்னதுரை கையெழுத்துப் போட்டார். கண்ணாயிரம் சாட்சி போட்டார். பெற்றுக்கொண்டவர் என்ற இடம் காலியாக இருந்தது. சின்னதுரை மைப்பெட்டியைத் திறந்து அவள் பக்கம் தள்ளினார்.

அவள் இரண்டு கையையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

“ரேக வெச்சதாலதான் இவ்ளோ வம்பு. வெக்க மாட்டேன். கையெழுத்து போட்றேன்.”

“நீயா?” என்றார் சின்னதுரை. இப்போது அவர் சிரித்தார். “பத்து நாள் டைம் தர்றேன். போட்டன்னா மெஷின் உன்னுது. போடலன்னா, கருகினதோ கருகாததோ, என் வண்டியில ஏறும். மெம்பர் சாட்சி.” காகிதம் கலையரசியிடம் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெங்கடேசன் அன்று மாலை ஒரு முறம் ஆற்று மணலோடு வந்தான். சுவர் கட்டும்போது நூல் பிடிப்பதுபோல மணலில் இரண்டு கோடு இழுத்து, நடுவே பெயரை எழுதிக் காட்டினான். இ அவளுக்கு உடனே வந்தது. ரு தான் ஐந்து நாள் படுத்தியது. வால் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று விரல் மறந்து மறந்து போனது. ஆறாம் நாள் மணலைவிட்டுப் பேனாவுக்கு வந்தாள். அழுத்தின அழுத்தில் காகிதம் கிழிந்தது. பேர் மட்டும் போதும், இனிஷியல் வேண்டாம், நாள் குறைவாக இருக்கிறது என்றான் அண்ணன். இந்த ஊரில் இருசம்மாள் ஒன்பது பேர் இருக்கிறார்கள், வீரமுத்து மகள் நான் ஒருத்திதான் என்று அவள் வீ–யையும் போட்டுக் கற்றாள். ரேஷன் கார்டுக்காக நடந்த பதினோரு நடையிலும் புருஷன் பெயரைக் கேட்டவர்களுக்கு அவள் சொன்ன பதிலும் அதுதான். கடையில் கம்பி சுற்றிக்கொண்டே உதட்டுக்குள் எழுத்துகளை வரிசையாகச் சொல்வாள். பழைய கரண்டு பில்களின் பின்பக்கம் முழுவதும் அவள் பெயராக இருந்தது. வெங்கடேசன் எண்ணிப் பார்த்தான், நானூற்று முப்பத்தொன்று. இடது துடுப்புக் காயிலை மட்டும் அந்தப் பத்து நாளும் சுற்றவில்லை. பேப்பரில் பேர் ஏறினபிறகுதான் உருளையில் கம்பி ஏறும் என்றாள்.

பத்து நாள் முடிந்த வியாழக்கிழமை காலை கலையரசி தன் வீட்டு வாசலில் மேசை போட்டாள். சின்னதுரை குட்டியானையோடு வந்தார். மைப்பெட்டியையும் கொண்டுவந்து, எதற்கும் இருக்கட்டும் என்று திறந்தபடி காகிதத்தின் பக்கத்தில் வைத்தார். இருசம்மாள் அதன் மூடியை மூடி, அவர் கையில் கொடுத்தாள். அங்கே நாற்காலி இருந்தது. உட்காரவில்லை, நின்றுகொண்டே குனிந்தாள். மடங்காது என்று சொன்ன விரலால் காகிதத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது கையால் வீ எழுதி, புள்ளி வைத்து, இ எழுதினாள். ரு–வுக்கு வந்ததும் பேனா நின்றது. வெங்கடேசன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டான். பிறகு பேனா நகர்கிற சத்தம் கேட்டது. ச, ம், மா, ள். மொத்தம் நாலு நிமிடம் ஆயிற்று. காகிதம் கிழியவில்லை.

சின்னதுரை குனிந்து பார்த்தார். எழுத்துக் கூட்டிப் படித்தார். டிரைவரைப் பார்த்து வண்டியைத் திருப்பு என்றார்.

கீழே தேதி போட வேண்டும் என்று கலையரசி பேனாவை வாங்கக் கை நீட்டினாள். இருசம்மாள் பேனாவைக் கொடுக்கவில்லை. எண்களை அவளுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. பெயருக்குக் கீழே அவளே எழுதினாள்: 11-9-2025.